இடப்பக்கம் இழுத்த வண்டி

ஒலக்கூர் பக்கத்தில் தையல்நாயகிக்குக் கோபக்காரி என்று பெயர். பெயர் சும்மா வந்துவிடவில்லை. உரக்கடையில் எடை குறைத்தவனைக் கடைவாசலிலேயே நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் அவள். அப்பேர்ப்பட்டவள் எண்பத்தாறாம் வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்றால், அதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். உடன்பிறந்த தம்பி கண்ணையன்.

கண்ணையனுக்குத் திண்டிவனத்தில் பட்டறை. அவள் புருஷன் நடராசனிடம் ஒரு பழைய ஜீப் பிக்கப் இருந்தது. பெருமுக்கல் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது அடிவயிறு வரப்பில் தட்டுகிறது என்று, ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போட்டு வண்டியைத் தூக்கிக் கொடுத்தான் மச்சான். வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. ஆனால் அன்றிலிருந்து இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. முன் டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்து, உள்ளே இருந்த நூல் பல்லை இளித்தது.

"ரோடு சாஞ்சிருக்குது மாமா, அதான்" என்றான் கண்ணையன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்த முறை போனபோது, கோணலாக நின்ற ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தான். பார்வைக்கு எல்லாம் சரி. சக்கரம் மட்டும் அது பாட்டுக்குக் கோணலாகவே ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குப் பட்டறை எதற்கு? மூன்றாம் முறை ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, கண் திருஷ்டி, சக்கரத்தில் வைத்து நசுக்குங்கள் என்றான்.

நடராசன் வாய் திறக்காத மனுஷன். வாய்க்குப் பதில் அவனுடைய வலது தோள் பேசியது. நாளெல்லாம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துப் பிடித்து, சாயந்திரம் சட்டையைக் கழற்ற முடியாமல் நிற்பான். தையல்நாயகி எண்ணெய் தேய்த்துவிடுவாள். தோளில் கை வைக்கும்போதெல்லாம் தம்பி மேல் பற்றிக்கொண்டு வரும்.

"வுழுப்புரத்துல மிஷின் வச்சி சக்கரத்துக்கு அலைன்மெண்டு பாக்குறாங்களாமே, அங்க எடுத்துக்கினு போலாங்க."

"உன் தம்பி பட்டற இருக்கசொல்ல வேற எடத்துல வுட்டா, உங்க ஊட்ல இன்னா சொல்வாங்க? கொழந்தைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணும்ல."

அங்கேதான் அவள் அடங்கிப்போனாள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் அவர்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் காது குத்தியதில்லை. கண்ணையன் வீம்புக்காரன். ஒரு சொல் பொறுக்கமாட்டான், பந்தலை விட்டு எழுந்து போய்விடுவான். அந்த மடிக்காக அவள் கோபத்தை மென்று விழுங்கினாள்.

தை மாதத்தில் திருவக்கரை கோயிலில் காதுகுத்து என்று முடிவானது. வண்டியின் பின்னால் இரண்டு வீட்டு ஜனமும் ஏறிவிட்டது. தையல்நாயகியின் அம்மா லட்சுமியம்மாள் சீர்த்தட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நடராசன் கதவைத் திறக்கக் கையைத் தூக்கினான். தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்த தையல்நாயகிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சாவியைப் பிடுங்கித் தம்பி மேல் எறிந்தாள்.

"நேராத்தான் போவுதுன்ன இல்ல? நீயே ஓட்டு."

சொந்தக்காரர்கள் முன்னால் அவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஏறி உட்கார்ந்தான். இத்தனை நாளும் வெறும் வண்டியைப் பட்டறை வாசலில் நாலு தப்படி ஓட்டிப் பார்த்தே நல்லாயிருக்கிறது என்று சொன்னவன் அவன். ஆள் ஏறிய வண்டியை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓட்டினான். கொஞ்ச தூரத்திலேயே நெற்றியில் வியர்வை பூத்தது. பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த தையல்நாயகி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏரிக்கரை வளைவில் எதிரே பஸ் வந்தது. கண்ணையன் ஒதுங்கிப் பிரேக்கை மிதித்தான். வண்டி அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் பாய்ந்தது. பின்னால் கூச்சல். முன் சக்கரம் கரையின் விளிம்பில் கல்லில் மோதி நின்றது. கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

தையல்நாயகி குழந்தையோடு விளிம்பை ஒட்டிக் கவனமாக இறங்கி, தம்பி பக்கம் சுற்றி வந்தாள். தம்பி ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். அது இன்னமும் நேராகத்தான் இருந்தது.

"அக்கா, ஒயரத்த ஏத்துனேன். அதுக்குத் தக்கன கீழ சக்கரத்தத் திருப்புற ராடயும் சரி பண்ணணும். எனக்குப் புடிபடல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி."

"வெக்கமா? உன் மடிக்காவ ஒரு வருசம் வாயக் கட்டிக்கினு கெடந்தேன்டா. இப்ப மடி இருந்திருக்கும், புள்ள இருந்திருக்காது!"

அந்தச் சாவியை எறிந்த கை தன்னுடையது என்பதும் அவளுக்கு உறைத்தது. தன் மேல் வந்த கோபமும் சேர்ந்து தம்பி தலையில்தான் இறங்கியது. ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வருஷப் பாக்கியையும் திட்டித் தீர்த்தாள். கண்ணையன் எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

மீதி வழியைப் பஸ்ஸில் போனார்கள். கோயிலில் மடி விரித்து உட்கார்ந்த தாய்மாமன் குழந்தையை இறுக்கிப் பிடித்த பிடியில், இடமில்லாமல் ஆசாரி ஊசியை இரண்டு முறை பின்னால் எடுத்தார்.

அடுத்த வாரம் மல்லாட்டை மூட்டையை ஏற்றியபடியே மூன்று பேருமாக வண்டியை விழுப்புரம் கொண்டுபோனார்கள். பாரத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவன் கண்ணையன். பட்டறைக்காரர் அரங்கநாதன் ராடைத் திருப்பி மிஷினில் அளக்க அளக்க, அவன் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தான். திரும்பும்போது வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. நடராசன் ஒற்றைக் கையால் ஓட்டினான்.

திண்டிவனத்தில் இறங்கிய கண்ணையன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். "இன்னும் கோவமாக்கா?"

"ஆமா" என்றாள் தையல்நாயகி. "ஏறு, ஊட்டுக்கு வந்து சாப்டுட்டுப் போ."