தப்பான வாசலுக்குப் போன ஆம்புலன்ஸ்

போன வருடம் சித்திரை மாதம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நடந்தது இது.

நான் ஏஜென்சி நர்ஸ். எந்தத் தொழிற்சாலையில் நர்ஸ் லீவு போட்டாலும், அங்குள்ள முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புவார்கள். இரண்டு வாரம் இங்கே, ஒரு மாதம் அத்திப்பட்டில், மறுபடி வேறெங்கோ. சம்பளம் பரவாயில்லை. ஆனால் எங்கே போனாலும் நான் ‘புது சிஸ்டர்’தான். நாலு பேர் முகம் பழகுவதற்குள் பையைத் தூக்கிவிட வேண்டும். திருவள்ளூரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் கணவர், “இன்னாமே, இன்னிக்கி எந்தக் கம்பெனி?” என்று கிண்டலடிப்பார். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

அன்றைக்கு ஓர் இரும்புக் கம்பி ஆலையில் எனக்கு மூன்றாவது நாள். காலை பத்து மணி இருக்கும். ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே நடந்து வந்தார்.

“கேஸ் மாத்திர இருந்தா குடு சிஸ்டர், வேல கெடக்குது” என்றார்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கை வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். மாரடைப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. சாய்த்து உட்காரவைத்து, மென்று விழுங்க ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கம்பெனி பெயர், வழி, எந்த கேட் என்று கடகடவென ஒப்பித்தேன். அந்த வேகத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை.

போனை வைத்ததும் அவர் என் கையைத் தொட்டார். “சிஸ்டர்... நீ சொன்ன கம்பெனி அந்தாண்ட கீது. நாம இந்தாண்ட கீறோம்” என்றார், மூச்சு வாங்கியபடி.

நான் சொன்னது, இதே பேட்டையில் அதற்கு முந்தின மாதம் வேலை பார்த்த கம்பெனி! மறுபடி போன் செய்தபோது சரியான பெயர் வாயில் வரவில்லை. சுவரில் இருந்த கம்பெனி காலண்டரைப் பார்த்துப் படித்தேன். அதற்குள் வண்டி அந்த வாசலுக்கே போய்விட்டது. அது திரும்பி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவரோ, “பயப்படாத சிஸ்டர், வந்துருவான்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். வேலைக்குத் திரும்பிய அன்றே முதலுதவி அறைக்கு வந்து என்னைத் தேடியிருக்கிறார். நான் அப்போது வேறு ஊரில். அங்கிருந்த நர்ஸ் எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தார். அழுகையை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

“அத்த உடு சிஸ்டர். இப்போ எங்க கீற?” என்றார்.

பதில் சொல்வதற்கு முன் ஜன்னல் வழியாக வெளியே இருந்த பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் புது இடத்துக்குப் போனதும், மருந்து அலமாரியைத் திறப்பதற்கு முன்பே, அந்த இடத்தின் பெயரையும் வழியையும் பெரிதாக எழுதிப் போனுக்கு மேலே ஒட்டிவிடுகிறேன். ஒட்டும் ஒவ்வொரு முறையும், தனக்கு உயிர் போகிற வலியிலும் நான் எங்கே நிற்கிறேன் என்பதை எனக்குச் சொல்லித் தந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.