விதோசவா மேல் போட்ட அய்வார் வழக்கு

ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை விதோசவா அக்காவின் விரல் நுனிகள் சிவப்பாகவே இருக்கும். என்ன சோப்பு போட்டாலும் போகாது. விறகடுப்பில் சுட்ட சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாகத் தோலுரிக்கிற கை அது. அந்தக் கையோடுதான் கோயிலுக்கு வருவாள், அந்தக் கையோடுதான் ஒரு அக்டோபர் காலையில் என் ஆபீசுக்கும் வந்தாள்.

நான் வக்கீல். தென் செர்பியாவில் எங்கள் சின்ன ஊரில் வேலித் தகராறுக்கும் விவாகரத்துக்கும் என்னை விட்டால் ஆளில்லை. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கிற வழக்கு என்று ஒன்று என் மேசைக்கு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

திஹோமிர் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரே ஒரு அடுப்பை வைத்து, சுட்ட குடைமிளகாயில் கிண்டுகிற தொக்கான அய்வார் செய்து விற்க ஆரம்பித்த நாளிலேயே விதோசவா அக்கா அவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பின்கட்டு பட்டறையாகி, பட்டறை தொழிற்சாலையாகி, ஜாடிகள் ஜெர்மனி வரை போயின. அக்கா மட்டும் அதே அடுப்பின் பக்கத்தில் அதே முக்காட்டோடு நின்றாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிராளி ரெண்டு நாளைக்கு யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பிளாகோயே என்பவன் புதிதாக ஒரு அய்வார் தொழிற்சாலை கட்டினான். அந்த செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அக்கா வழக்கமான நேரத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பி, இடது கைப்பக்கம் திரும்புவதற்குப் பதிலாக வலது கைப்பக்கம், பிளாகோயே வாசலுக்குள் திரும்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று என்னிடமும் சொல்லவில்லை.

திஹோமிர் பெல்கிரேடிலிருந்து வக்கீல் வைத்து வழக்குப் போட்டார். எங்கள் தொழில் ரகசியத்தைத் திருடிக்கொண்டு போய்ப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டாள். ஆகவே பிளாகோயே அய்வார் செய்யக் கூடாது, இந்தப் பெண் மூன்று வருஷத்துக்கு எந்தத் தொழிற்சாலையிலும் மிளகாயைத் தொடக் கூடாது என்று கேட்டிருந்தார். பிளாகோயேவுக்கு இது போனால் பிளம் ஜாம் இருக்கிறது. அக்காவுக்கு என்ன இருக்கிறது?

"மூணு வருஷம்னா எனக்கு அறுபதாயிடும் தம்பி. அப்புறம் எவன் வேலை குடுப்பான்? எனக்கு வேற என்ன தெரியும்? ஒழுங்கா ஒரு சட்டை தைக்கக்கூடத் தெரியாது" என்றாள்.

தொழில் ரகசியம் என்றால் ரெண்டு விஷயம் வேண்டும் என்கிறது சட்டம். அது ஊருக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். வைத்திருப்பவர் அதைக் காப்பாற்ற உருப்படியாக ஏதாவது செய்திருக்க வேண்டும். தொழிற்சாலையைப் பொறுத்தவரை திஹோமிர் பெரிய ஏற்பாடுதான் செய்திருந்தார். இரும்புக் கதவு, கேமரா, வேலைக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து. நான் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. நிகோலா திருநாள். திஹோமிர் வீட்டு ஸ்லாவா, அதாவது அவர் குடும்பத்துப் புனிதரின் நாள். ஸ்லாவாவுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. போன வருஷம் போனவர் இந்த வருஷமும் போக வேண்டும், அவ்வளவுதான். போகாவிட்டால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டுக்காரர் அதோடு ஊரில் தலைகாட்ட முடியாது.

"போகலாம், கிளம்பு" என்று அக்கா என் வாசலில் வந்து நின்றாள், கையில் பூவும் ஒரு பாட்டில் ஒயினும்.

"அக்கா, உங்க மேல கேஸ் போட்டவர் வீட்டுக்கா?"

"கேஸ் கோர்ட்டுல. இது ஸ்லாவா. நான் வரலைன்னா அவர் சம்சாரம் என்ன நினைக்கும்?"

நானும் வருஷா வருஷம் போகிறவன்தான். எங்கள் ஊர் நீதிபதிகள் ரெண்டு பேரும் போகிறவர்கள்தான். அதனாலேயே அவர் வீட்டு மீனைச் சாப்பிட்ட நாங்கள் இந்த வழக்கை விசாரிக்க முடியாது என்று ரெண்டு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாவை நீதிபதியாகப் போட்டிருந்தார்கள்.

கதவைத் திறந்த திஹோமிர் அக்காவைப் பார்த்ததும் மீசையைக் கடித்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார்.

"வா விதா."

"ஸ்லாவா வாழ்த்துகள் முதலாளி."

ஸ்லாவாவுக்கென்று வேக வைத்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி நீட்டினார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட்டாள். ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. திஹோமிர் நின்றபடியே எல்லோருக்கும் ராக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றிக்கொண்டிருந்தார், அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து. அப்போது மாட்டு டாக்டர் ரொட்டியை அய்வாரில் தோய்த்து வாயில் வைத்துவிட்டு, "அண்ணே, எப்படித்தான் செய்யறீங்க இதை?" என்றார்.

அவ்வளவுதான். திஹோமிர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நான் விறகுலதான் சுடுவேன். காஸ் கிட்டயே வரக் கூடாது. சுட்டதை நான் சாக்குல கட்டி வேர்க்க விடுவேன். உரிச்சு, துணியில ராத்திரி பூரா தொங்க விடுவேன். வடியற தண்ணியை ஊர்ல எல்லாரும் கொட்டிடுவாங்க. நான் கொட்ட மாட்டேன். அதைச் சுண்டக் காய்ச்சி..."

"கடைசியில ஊத்துவேன்" என்று மேசை முழுக்க அவரோடு சேர்ந்து சொல்லி முடித்தது. பாதிரியார் உட்பட. வருஷா வருஷம் கேட்கிறவர்களுக்கு மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்?

எனக்குத் தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டது. இரும்புக் கதவு போட்டுக் காப்பாற்றுகிற அந்த மகா ரகசியம் இதுதான். நானும்தான் இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன்; வழக்கையும் இதையும் சேர்த்துப் பார்க்க மட்டும் என் மண்டைக்குத் தோன்றவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் தன் தட்டைப் பார்த்து மென்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பனியில் குதித்தேன். "அக்கா, ஜெயிச்சோம். சாட்சி மட்டும் ஒரு மேசை நிறைய இருக்கு."

"வாயை மூடு. அந்த வீட்டு ரொட்டியைத் தின்னுட்டு அதை வெச்சே அந்த மனுஷனை அடிக்கச் சொல்றியா?"

"அடிக்கலைன்னா தோத்துடுவீங்க. மூணு வருஷம்க்கா."

பயந்துதான் இருந்தாள், முகத்தில் தெரிந்தது. "தோத்தா தோக்கறேன். நீ இதைக் கோர்ட்டுல எடுத்தா நான் வேற வக்கீல் பாத்துக்கறேன்."

இப்படி ஒரு கட்சிக்காரி எந்த வக்கீலுக்கும் வாய்க்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்லாவா வீட்டில் கட்டிக் கொடுத்த கேக்கைக்கூட நாய்க்குப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் விசாரணை. பெல்கிரேடு வக்கீல் ஓக்னியென் இளம் பையன். அருமையான கோட்டு, அதைவிட அருமையான குரல். இரும்புக் கதவு, கேமரா, கையெழுத்து என்று அடுக்கினான். என் வாய் கட்டப்பட்டிருந்தது. எழுந்தேன், சட்டத்தைச் சொன்னேன், உட்கார்ந்தேன். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நீதிபதியம்மா வெளியூர்தான், ஆனாலும் இந்தப் பக்கத்துப் பெண். சத்தியப் பிரமாணம் எடுத்து நின்ற திஹோமிரிடம், "உங்க வீட்டு ஸ்லாவாவுக்கு இந்த அய்வாரை வைப்பீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஓக்னியென் கெட்டிக்காரன். கேள்வி எங்கே போகிறது என்று புரிந்து முந்திக்கொண்டான். "இல்லை, மேடம். என் கட்சிக்காரர் ஸ்லாவாவுக்குக் கடையில் வாங்கிய அய்வாரைத்தான் வைக்கிறார். விருந்தாளிகள் ஏதாவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்."

பெல்கிரேடுக்காரன் அல்லவா, ஸ்லாவாவை ஓட்டலில் கொண்டாடுகிற கும்பல். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ உஸ் என்று மூச்சு விட்டார்கள்.

திஹோமிர் மெல்லத் திரும்பினார். "என்ன தம்பி சொன்னே?"

"சார், நான் பாத்துக்கறேன், நீங்க..."

"கடையில வாங்கினதா? என் மேசையிலயா?"

"சார், நம்ம கேஸுக்கு..."

"கேஸு கிடக்கட்டும் குப்பையில. எங்கப்பன் காலத்துல இருந்து என் வீட்டு ஸ்லாவாவுக்குக் கடைச் சரக்கு வந்ததில்ல. கேக்கற விருந்தாளிகிட்ட நான் பேச்சை மாத்துவேனாம். நான் என்ன பிச்சைக்காரனா? அம்மா, நீங்க எழுதிக்குங்க. கேட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு விடாம சொல்லியிருக்கேன். இதோ உட்கார்ந்திருக்கானே, எதிர்க்கட்சி வக்கீல், இவனுக்கே சொல்லியிருக்கேன்."

ஓக்னியென் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னன்னு சொன்னீங்க?" என்றார் நீதிபதி. தட்டச்சு செய்கிற பெண் விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"மிளகாயை விறகுல நான்..." என்று கம்பீரமாக ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். ஸ்லாவா மேசையில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே சத்தியம் செய்திருக்கிறார். எதிரில் அக்கா.

"இவ சுடுவா" என்றார் கடைசியில், குரல் பாதியாக. "உரிக்கறது இவ. தண்ணியைச் சுண்டக் காய்ச்சறதும் இவதான். நான் பக்கத்துல நின்னு சரிம்பேன்."

வழக்கு தள்ளுபடி ஆனது. சாப்பாட்டு மேசையில் வருஷா வருஷம் சொன்ன விஷயம் ரகசியமாகாது என்று தீர்ப்பு. அக்கா எங்கே வேண்டுமானாலும் மிளகாய் சுடலாம். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"இப்பவாவது சொல்லுங்க அக்கா, ஏன் அங்கிருந்து போனீங்க?" என்று வராந்தாவில் கேட்டேன்.

"நான் சுடுவேன், நான் கட்டுவேன், நான் ஊத்துவேன். வருஷா வருஷம் அந்த மேசையில உக்காந்து கேட்டேன். என் கை அங்கேயே தட்டுக்குப் பக்கத்துல இருக்கும், செவசெவன்னு. அவர் கண்ணுல படவே இல்லை."

திஹோமிர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "விதா, திரும்பி வந்துடு."

"கோர்ட்டுல சொன்னீங்க முதலாளி, சந்தோஷம். சொல்ல வேண்டிய இடம் இது இல்லை" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். மறுநாளும் வலது கைப்பக்கம்தான் திரும்பினாள்.

அடுத்த நிகோலா திருநாளுக்கு வழக்கம்போல எல்லோரும் போனோம். அக்காவும் வந்தாள். திஹோமிர் நின்றபடி ராக்கியா ஊற்றினார். மாட்டு டாக்டர் ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்தார், மென்றார், இன்னொரு முறை மென்றார்.

"அண்ணே, போன வருஷ ருசி இல்லையே. எல்லாம் நீங்க சொல்ற மாதிரிதானே செஞ்சீங்க?"

திஹோமிர் பாட்டிலைக் கீழே வைத்தார். மீசையைத் தடவினார்.

"போன வருஷம் வரைக்கும் செஞ்சது இவ" என்று அக்காவைக் கையால் காட்டினார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. "எப்படின்னு எனக்கு முழுசாத் தெரியாது. இவளையே கேளுங்க."

அத்தனை முகமும் அக்கா பக்கம் திரும்பியது. அக்காவின் முகம் அவள் விரலைவிடச் சிவந்தது. நிதானமாக ஒரு வாய் ராக்கியா குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்ல முடியாதுங்க. நான் இப்ப எதிர்க் கம்பெனியில இருக்கேன். இது தொழில் ரகசியம்."