முதலில் தண்ணீர்

என் வீட்டுக்காரர் சரித்திரத்தில் பி.ஏ. ஆனர்ஸ். அல்சூரில் ஒரு ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். மைசூர் யுத்தம் என்று ஆரம்பித்தாரானால் சாம்பார் ஆறிப்போகும். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் கரண்டியோடு நின்று கேட்பேன்.

அப்போது பெங்களூரில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. சயன்ஸ் படித்தவர்களை அவை வாரிக்கொண்டு போயின. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே சயன்ஸ் வாத்தியாரும் போனார். அந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள்? இவர் தலையில்தான்.

"எனக்கு அது தெரியாது சார்" என்று இவர் சொல்லத்தான் செய்தார். "பி.ஏ. படிச்சவருக்கு ஒன்பதாங்கிளாஸ் புஸ்தகம் புரியாதா? ஸ்வல்ப நோட்கொள்ளி" என்று ஹெட்மாஸ்டர் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டார். பல் துலக்கும்போதே பாடத்தை முணுமுணுப்பார். சரித்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அதே தோள்தட்டல். வகுப்பில் பரிசோதனை எதுவும் செய்து காட்டமாட்டார், போர்டில் படம் போடுவதோடு சரி. பையன்கள் விடுவார்களா? "சார், படத்துல புகை வரலியே" என்றார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் சயன்ஸ் பீரோவைத் திறந்து ஆசிட் பாட்டிலை எடுத்திருக்கிறார். கண்ணாடிக் குவளையில் முதலில் ஆசிட், அதன்மேல் தண்ணீர். பொங்கித் தெறித்து முகத்தில் அடித்தது. பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தாராம், அந்த மட்டும் புண்ணியம்.

"தண்ணியிலதாம்மா ஆசிடை ஊத்தணும், கொஞ்சம் கொஞ்சமா. மாத்தி ஊத்தினா இப்படித்தான்" என்றார் கண் ஆஸ்பத்திரி டாக்டர். "சயன்ஸ் படிச்ச யாருக்கும் இது தெரியுமே."

"இவர் சயன்ஸ் படிக்கலை டாக்டர்" என்றேன். வேறென்ன சொல்வது?

ஒரு கண் போயிற்று. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

ஹெட்மாஸ்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். "வேலையைப் பத்திக் கவலை வேணாம் சார். இனிமே உங்களுக்குச் சரித்திரம் மட்டும்தான்."

இவர் கட்டுப்போட்ட முகத்தோடு, குரல் வந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "புஸ்தகமே வேணாம் சார், எல்லாம் மனசுல இருக்கு" என்றார். சந்தோஷமாகவே சொன்னார்.

"அப்ப சயன்ஸ் யாருக்கு?" என்று கேட்டேன்.

"டிராயிங் மாஸ்டருக்கும்மா. கேட்டதும் ஒத்துக்கிட்டாரு."

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் டிராயிங் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். நான் அவளைப் பேசவிடவில்லை. கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"வீட்டுக்குப் போனதும் அவர்கிட்ட சொல்லும்மா. முதல்ல தண்ணி. அப்புறம்தான் ஆசிட்."

அவள் விழித்தாள். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.