மல்கம் போட்ட பூட்டு

கட்டாரில் எரிவாயு ஆலையொன்றில் இருபத்திரண்டு வருஷம் மின்கருவி பார்த்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பிய மல்கத்துக்கு, ஊரில் எவரையும் பிடிக்காது. அதிலும் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வண்டிகளுக்குப் பெற்றோல் அடிக்கும் செட் வைத்திருக்கும் நல்லரத்தினத்தைக் கண்டால் காறித் துப்பத் தோன்றும். வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழில் மின் பரிசோதகராக மல்கம் கையெழுத்து வைத்தால்தான் அந்தச் செட் ஓடும். அதனால் போகத்தான் வேண்டியிருந்தது.

இந்த முறை பம்பைத் திறந்தவர் அப்படியே குந்திவிட்டார். உள்ளே வயர்கள் சேருமிடம் தடித்த இரும்புப் பெட்டி. அதற்குள் பொறி பறந்து பெற்றோல் ஆவி பற்றினாலும், நெருப்பு வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே செத்துப்போக வேண்டும். அதற்குத்தான் எட்டு போல்ட். இருந்தது இரண்டு. போதாக்குறைக்குப் பெட்டியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெள்ளை வயர் ஒன்று போய், தூணில் தொங்கிய பிள்ளையார் படத்தின் சிவப்பு பல்பில் முடிந்தது.

"ஆர் இந்த ஓட்டையப் போட்டது?"

"நான்தான், போன மாசம். சாமிக்கு லைட்டு," என்று பல்லைக் காட்டினார் நல்லரத்தினம். "போல்ட்டெல்லாம் டப்பாவில பத்திரமாக் கிடக்கு. ஒவ்வொருக்காவும் எட்டையும் கழட்டிப் பூட்ட ஏலுமா?"

பத்திரமாம்! மூளையையும் அந்த டப்பாவில்தான் போட்டு வைத்திருக்கிறான் போல.

"பிள்ளையார் கேட்டவரா, பெற்றோலுக்குப் பக்கத்தில எனக்குப் பல்பு போடு எண்டு?"

"செட் தொடங்கிப் பதினொரு வருஷமா ஒண்டும் நடக்கல்லையே. கையெழுத்த வைங்க, மல்கம் அண்ணன்."

மல்கம் மெயின் சுவிட்சை இறக்கி, கட்டார்ப் பழக்கப்படி யாரும் அதை ஏற்ற முடியாமல் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற ஆட்டோக்கள் ஹோர்ன் அடித்துக் கத்தின. கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். இந்தக் குடி பூட்டை வெட்ட, இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தது! பவுசர் லொறி பெற்றோல் இறக்கும் குழிக்கு ஏழே அடி தள்ளி நின்று பொத்தானை அமுக்கினார் நல்லரத்தினம். ஓடவில்லை. மறுபடி அமுக்கினார். கரண்டை நிறுத்தி வைத்திருப்பதே அந்தப் பூட்டுத்தான் என்று அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. உடனே பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து வயர் இழுத்தார்.

"பொறி பறந்தா எல்லாரும் கரிதான்!" என்று கத்தினார் மல்கம். எருமை மாட்டில் மழை பெய்த மாதிரிதான்.

அங்கே பெற்றோல் அடிக்கும் யசோதினி கையிலிருந்த குழாயைப் பம்பில் மாட்டினாள். நேரே கடைக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பி வந்து, பெற்றோல் குழாயை எடுத்து முதலாளியின் கையில் திணித்தாள்.

"ஒண்டும் நடக்காதெண்டா நீங்களே நிண்டு அடிங்க, முதலாளி. நான் ஊட்டுக்குப் போறன்."

பதினொரு வருஷத்தில் நல்லரத்தினம் அந்தக் குழாயைத் தொட்டதே இல்லை. கண்ணாடி அறையில், விசிறிக்குக் கீழே இருந்துதான் இத்தனை நாளும் கடவுளை நம்பினார். இப்போது குழாயைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். குழாயை மாட்டிவிட்டு உள்ளே ஓடி டப்பாவைக் கொண்டுவந்தார்.

மல்கம் எண்ணினார். ஐந்து.

"ஆறாவது?"

நல்லரத்தினம் தலையைச் சொறிந்தபடி பிள்ளையார் படத்தைக் கழற்றினார். அதைக் கொழுவத் தூணில் அடித்திருந்தது அந்த போல்ட்தான்.

"படத்தக் கொண்டுபோய்க் கண்ணாடி அறையில உங்கட கதிரைக்கு மேல கொழுவுங்க," என்றார் மல்கம். "புதுப் பெட்டி வரும் மட்டும் சாவி என்னட்டத்தான்."