ஷட்டர் ஏறும் சத்தம்

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் தள்ளுபடி விற்பனை. விடியற்காலையிலேயே கடை வாசலில் சின்னப் பேத்தியோடு வரிசையில் நின்றபடி மகள் வீடியோவில் பேசினாள். சிதம்பரத்தில் எனக்குச் சாயங்காலம். அவளுக்குப் பின்னால் இரும்பு ஷட்டர் கடகடவென்று ஏறத் தொடங்கியது.

ஏழு வயதில், மஞ்சக்குப்பம் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியில் கேட்ட அதே சத்தம். "கூட்டம் ஜாஸ்தியா கீது, தொலைஞ்சிடப் போற" என்று அம்மா தன் முந்தானையை என் மணிக்கட்டில் இறுக்கி முடிந்திருந்தாள். ஷட்டர் பாதி ஏறுவதற்குள் கூட்டம் எங்களுக்கு நடுவே பாய்ந்தது. நான் விழுந்தேன். அம்மா தலையின் மல்லிகை வாசனை போய், தூசியும் செருப்புகளும்தான் முகத்தருகே இருந்தன. அம்மாவைக் கூட்டம் உள்ளே தள்ளத் தள்ள, முடிச்சு இறுகி என்னைக் கால்களுக்கிடையே தரையோடு இழுத்தது. மூச்சு முட்டியது.

"பொடவைய கிழிம்மா, புள்ள கீழ கெடக்குது!" என்று யாரோ அலறினார்கள். அம்மா பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ஷட்டர் தொறந்துட்டாங்கம்மா!" மகள் சிரித்தாள்.

"பாப்பா எங்கடி?"

"எங்கயும் போவமாட்டா. இடுப்புல பட்டை மாட்டி அதை என் கையோட கட்டியிருக்கேன்."

"அவுத்து விடுடி!" என்று கத்தினேன். திரையில் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.