கோச் அக்காவின் சிரிப்பு

நான் வேலையில் முன்னேற வழிகாட்டவென்று கம்பனி எனக்கு ஒரு கோச் வைத்திருக்கிறது.

முதல் நாளே அவரும் யாழ்ப்பாணம் என்று தெரிந்தது. உடனே “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

கோச்சிடம் சொல்லக்கூடாததை எல்லாம் அக்காவிடம் கொட்டினேன். வேறு வேலை தேடுவதையும் சொன்னேன். இந்த வேலை போனால் இந்த நாட்டில் இருக்க எனக்குள்ள விசாவும் போகும்.

இன்று பக்குரங்கா கடைத்தெருவில் கோப்பி குடிக்கும்போது அக்கா மெதுவாகத் தொடங்கினார்.

“நீர் வேலையை விட்டுப் போற யோசனையோ எண்டு உம்மட மேனேஜர் என்னட்டக் கேட்டவர்.”

கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள் அக்கா?”

“உம்மைக் காட்டிக் குடுப்பனோ? அவையள்தான் எனக்குச் சம்பளம் தருகினம், பொய்யும் சொல்லேலாது. சும்மா சிரிச்சனான்.”

கேள்விக்குப் பதிலாக எங்கள் சனம் சிரித்தால் ஓம் என்றுதானே அர்த்தம்!

வெள்ளைக்கார மேனேஜருக்கு அது விளங்கியிராது என்று பஸ்ஸில் வழி முழுக்க என்னையே தேற்றிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலுக்கு வரும்போது மேனேஜரின் மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை காலை பதினைந்து நிமிடம் கதைக்க வேண்டுமாம். எதைப் பற்றி என்று எழுதவில்லை. கடைசியில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகம் மட்டும் இருந்தது.

வெள்ளைக்காரர் சிரித்தால் என்ன அர்த்தம்? தெரிந்தவர்கள் திங்கட்கிழமைக்கு முன் சொல்லுங்கள். அக்காவிடம் மட்டும் கேட்க மாட்டேன்.