இன்னும் கொஞ்சம் ஏர் இருக்கு

"பிடி."

பிடிக்கிறார் வீட்டுக்காரம்மா.

"விடாதே. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் ஷெட்டில், பழங்கால மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தருகே குந்தியிருக்கிறார் மெதுவா சார். வண்டிமேல் மனைவி, கையில் முன் பிரேக் லீவர். சார் ஸ்பேனரால் நட்டைக் கொஞ்சமாகத் திறக்க, மெல்லிய குழாய் வழியே எண்ணெயும் குமிழியும் ஜாம் பாட்டிலுக்குள் இறங்குகின்றன. நட்டை மூடுகிறார். "இப்ப விடு." பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்றும் இந்த வேலையை மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்பார்கள். அவர்களுக்கு அது அரை மணி நேர வேலை. சாருக்கு மழைக்காலம் முழுக்க இதேதான்.

சார் கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார். பட்டப்பெயர், கற்றுக்கொள்ள வந்தவர்களின் உபயம். "மெதுவா... மெதுவா..." என்பதைத் தவிர அவரிடம் பெரிதாகப் பாடம் கிடையாது. "பயப்படாதீங்க, தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லும்போதே அவருடைய வலது கால், தன் பக்கத்திலிருக்கும் இரண்டாவது பிரேக்மேல் தயாராக இருக்கும். பழக்கதோஷம், பஸ்ஸில் போனாலும் வெறும் தரையை மிதிப்பார். தூக்கத்திலும் மிதிப்பதாக வீட்டுக்காரம்மா புகார் சொன்னதுண்டு. "கனவுல எவனோ குறுக்க வந்துட்டான்" என்பது சாரின் விளக்கம்.

வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்தவர் அவரே. பிரேக் எண்ணெய் பட்டால் பெயின்ட் போய்விடும் என்று டேங்குக்குத் துண்டு போர்த்துவார். பெற்ற பிள்ளைக்குக்கூட இந்தச் சீராட்டல் நடந்ததில்லை. இன்ஜின் ஒரே உதையில் கிளம்பும். ஆனால் கேட்டைத் தாண்டியதில்லை. லீவரை அழுத்திப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்: "இன்னும் கொஞ்சம் ஏர் இருக்கு."

இதற்கிடையில் வீட்டுக்காரம்மாவின் அக்கா, முழங்கால் ஆபரேஷன் முடிந்து பக்கத்து ஊரில் படுத்திருக்கிறார். பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம் என்றால், "வீட்ல வண்டி இருக்கறப்போ பஸ்ஸா? உங்க அக்கா என்ன நினைப்பாங்க?" வண்டியில் போகலாம் என்றால், ஏர். இப்படியே போனால் அக்கா குணமாகி நடந்தே வந்துவிடுவார் போலிருந்தது.

அதனால் இன்று கெடு வைத்தாயிற்று. "இன்னைக்கு வண்டி கிளம்பலேன்னா நான் பஸ்ல போறேன். உங்களுக்கு ஓட்டப் பயம்னு அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"பயமா? எனக்கா?" சார் தேவைக்கு மேலேயே சிரித்தார்.

பயம்தான். மோட்டார் சைக்கிளில் வாத்தியாருக்கென்று இரண்டாவது பிரேக் கிடையாது. பின்னால் உட்காரப்போவதோ, இத்தனை வருஷம் பிடி என்றால் பிடித்து, விடு என்றால் விட்ட மனுஷி. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இதை வாய்விட்டுச் சொல்வதைவிட ஞாயிறுதோறும் ஏர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

கெட்ட நேரம், இன்று குமிழியே வரவில்லை. லீவர் கல்லுமாதிரி நின்றது. "ஆச்சு!" என்று குதித்து இறங்கி, ஹெல்மெட் எடுக்க உள்ளே ஓடினார் வீட்டுக்காரம்மா.

சார் அக்கம்பக்கம் பார்த்தார். குழாயை உருவினார். ஒரு கையால் லீவரை அழுத்தி, மறுகையால் நட்டைத் திறந்து, மூடாமலே லீவரை விட்டார். எந்தத் தப்புக்காக மனைவியை ஞாயிறுதோறும் திட்டுவாரோ, அதே தப்பு. காற்று சமர்த்தாக உள்ளே போனது.

"பாரேன், மறுபடியும் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. இன்னும் கொஞ்சம்..."

ஹெல்மெட் மாட்டிய தலையோடு வாசற்படியில் நின்றிருந்தார் வீட்டுக்காரம்மா. கீழே கிடந்த குழாயைப் பார்த்தார். தரையில் புதிதாக விழுந்திருந்த எண்ணெயைப் பார்த்தார். ஸ்பேனரை சார் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சீட்டைக் காட்டினார். சார் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகி, சக்கரத்தருகே குந்தி, குழாயை மாட்டினார்.

"பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

சார் பிடித்தார். அவருடைய வலது கால், வெறும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.